டார்லீன் விட்டுக்கொடுத்த இரண்டு நிமிடம்

எதிர்சாரி வாசல்களின் பனியைத் தள்ளி முடித்த பிறகுதான் டார்லீன் ஹாகன் தன் வாசலுக்கு வருவார். அதுவரை அவருடைய கார் பனிக்குள் புதைந்தே கிடக்கும். பனி தள்ளும் இயந்திரத்தின் இரைச்சலையும் மீறி அவர் குரல் கேட்கும். "எந்திரிங்கப்பா! உங்க ஊர்ல பனி இல்லேன்னா, இங்கயும் பெய்யாம இருக்குமா?"

அறுபதைக் கடந்தவர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மினசோட்டாவின் இந்தப் புறநகருக்குப் புதிதாக யார் குடிவந்தாலும், இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பார். லைபீரியாவிலிருந்து நான் வந்த அன்றும் நின்றார். நான் அதன்மேல் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டியதைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா எல்லாரும் மரியாதைக்குத்தான் சாப்பிட்டிருக்காங்களா?" என்றார். அடுத்த முறை மிளகாய் டப்பாவும் சேர்ந்து வந்தது.

வாய் மட்டும் ஓயாது. அடுத்தவர் தொடங்கிய பேச்சையும் அவரே முடித்துவைப்பார். அவருடைய எதிர்வீட்டு எரித்திரியப் பெண்மணி லெதெப்ரான் தன் ஊர் வழக்கப்படி காபிக்கொட்டை வறுத்துக் கூப்பிட்டால், மூன்று சுற்றுக் காபி முடியும்வரை பேசுவது விருந்தாளிதான். வீட்டுக்காரி தலையாட்டுவார். "அவ கூச்சக்காரி. அவளுக்கும் சேத்துத்தான் நான் பேசுறேன்" என்பது டார்லீனின் நியாயம்.

லாவோஸ் மலைநாட்டு மோங் இனத்தவர், வியட்நாமியர், நார்வே வழி வந்தவர்கள் என்று எங்கள் தெருவில் எல்லாரும் உண்டு. கார் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போடுவோம். தேர்தலன்று அதே ஆட்கள் தேவாலயக் கூடத்தில் ஒரே வரிசையில் நிற்போம். எங்கள் தொகுதி என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் திமிரே வரும்.

இந்தக் குளிர்காலத்தில் சட்டமன்றத் தொகுதிகளின் எல்லையைத் திருத்திப் புதிய வரைபடம் போட்டார்கள். கோடு எங்கள் தெரு நடுவே ஓடியது. டார்லீன் வீடு ஒரு தொகுதி, லெதெப்ரான் வீடு வேறு தொகுதி. "அப்ப என் பனி மிஷினுக்கு விசா எடுக்கணுமா?" என்று கொதித்தார் டார்லீன்.

பள்ளி உணவுக்கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஆளுக்கு இரண்டு நிமிடம். எங்கள் தெருவுக்காகப் பேச டார்லீனின் பெயரைத்தான் கொடுத்திருந்தோம், வேறு யாரைக் கொடுப்போம்? அவருக்கு முன்னால் புதிய எல்லைக்கோட்டை ஆதரித்துப் பேசியவர், "புதுசா வந்தவங்களுக்கு இதுல என்ன அக்கறை? ஒருத்தராவது வந்து பேசுறாங்களா பாருங்க" என்று முடித்தார்.

டார்லீனை அழைத்தார்கள். எழுந்தவர் ஒலிபெருக்கியிடம் போகவில்லை. லெதெப்ரான் பக்கம் திரும்பினார்.

"என் நேரத்தை நீ எடுத்துக்கடி. இந்த ஊர்க்காரி நான் பேசினா அந்தாளு சொன்னது நெசமாயிரும்."

"எனக்கு வராது டார்லீன்."

"வர்றது வரட்டும், போ."

லெதெப்ரான் போனார். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார். "நாங்க காருக்கு எடமில்லாம அடிச்சுக்குவோம். பனி விழுந்தா சேந்து தள்ளுவோம். அந்தச் சண்டையும் எங்களுது, அந்தத் தெருவும் எங்களுது. எங்கள..."

நின்றுவிட்டார். நேரம் ஓடியது. பக்கத்தில் டார்லீனின் உதடு பிரிவதைப் பார்த்தேன். சட்டென்று அவர் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்கள வெட்டாதீங்க" என்றார் லெதெப்ரான்.

கூடமே கைதட்டியது. டார்லீன் மட்டும் தட்டவில்லை. அவர் கைகள் இரண்டும் இன்னும் வாயின் மேலேயே இருந்தன.