3:47-க்கு நுழைந்தது யார்

மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு வியாழக்கிழமை காலை, நோயாளிகளின் இரண்டு நாள் ஸ்கேன் படங்கள் இருந்த ஃபோல்டரையே காணோம்.

சர்வரின் லாக் ஃபைலைத் திறந்தேன். புதிதாக மாற்றிய லினக்ஸ் சர்வர். யார் உள்ளே வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று நேரத்தோடு வரி வரியாக எழுதி வைத்துவிடும். புதன்கிழமை, 03:47. என் பெயரில் நுழைந்து யாரோ அந்த ஃபோல்டரை அழித்திருந்தார்கள்.

அந்த நேரத்தில் நான் ஆனையூரில், என் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். என் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி, சர்வர் அறைக் கீபோர்டுக்கு அடியில் ஒட்டி வைத்திருந்தது வேறு ஞாபகம் வந்தது.

"அன்னைக்கு நைட்டு கட்டடத்துல இருந்தது ஒரே ஆளுதான்" என்றார் மேனேஜர். வாட்ச்மேன். சர்வர் அறைச் சாவியும் இரவில் அவரிடம்தான் இருக்கும். வேலை முடிந்து வாடிப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்திருந்தவரை போன் போட்டுத் திரும்ப வரவழைத்தார்கள். போலீசுக்குச் சொல்லப்போவதாகவும் மேனேஜர் மிரட்டியிருந்தார்.

வந்தவர் உட்காரவில்லை. "தங்கச்சி, நீங்களாச்சும் சொல்லுங்க. அந்தப் பெட்டிய எப்படித் தொறக்கணும்னே எனக்குத் தெரியாது."

"பாக்குறேண்ணே" என்றேன். அதற்கு மேல் பேசினால் சீட்டு விஷயம் வெளியே வரும்.

சர்வர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவசரத்தில் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துவிட்டேன். அடுத்த முறை சரியாக அடித்து லாக்கைத் திறந்தால், கடைசியில் அந்தத் தப்பும் ஒரு வரியாக விழுந்திருந்தது. நேரம் 06:20. என் கைக்கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது.

ஐந்தரை மணி நேர வித்தியாசம். புது சர்வரில் இந்திய நேரத்தை யாரும் வைக்கவில்லை. அது உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வரியிலோ எந்த ஊர் நேரம் என்று ஒரு எழுத்துகூட இல்லை.

மூன்று நாற்பத்தேழோடு ஐந்தரையைக் கூட்டினேன். ஒன்பது பதினேழு. புதன்கிழமை காலை ஒன்பது பதினேழுக்கு இதே நாற்காலியில் உட்கார்ந்து, டிஸ்கில் இடமில்லை என்று பழைய ஃபோல்டர் ஒன்றை அழித்தது நான். பழையது என்று நினைத்துத்தான் அழித்தேன்.

திருடன் யாரும் இல்லை என்று தெரிந்ததும் பயம் போகவில்லை, கூடியது. வேலை போய்விடும். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற நினைப்பும் வந்தது. அந்த நினைப்புத்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. எழுந்து போனேன்.

"அழிச்சது நான்தான் சார்."

"அப்ப மூணு நாப்பத்தேழு?"

"அது நம்ம நேரம் இல்ல சார். நம்ம நேரத்துக்குக் காலைல ஒம்பதேகால். அண்ணன் அப்ப டூட்டி முடிஞ்சு போயிட்டாரு."

ஸ்கேன் மெஷினுக்குள் சில நாள் படங்கள் தங்கியிருக்கும். சாயங்காலத்துக்குள் ஒரு நோயாளியின் படத்தைத் தவிர எல்லாம் கிடைத்துவிட்டன. அவருக்கு நானே போன் செய்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி வரச் சொன்னேன். எனக்கு மெமோ கொடுத்தார்கள். வேலை போகவில்லை.

ஆனால் அன்று மதியம் பஸ் ஸ்டாப்பில் வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டபோது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "திரும்பி வருவேனோ என்னமோன்னு வீட்ல சொல்லிட்டு வந்தேன் தங்கச்சி" என்றார். "அவ அழுதுக்கிட்டு இருப்பா. நான் போறேன்."

வாடிப்பட்டி பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.