மணலில் இறங்கிய ஐஸ் வண்டி

மெர்லினிடம் "உன்னால் முடியாது" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. காத்திவாக்கத்தில் மீன் விற்பவர்கள் முதல் மாதா கோவில் உபதேசியார் வரை இது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் அவளுடைய மூத்தார் கஸ்பார். துறைமுகத்தில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரில் எழுதியிருப்பதைத்தான் நம்புவார், மனுஷரை நம்ப மாட்டார்.

வண்டியும் பேப்பரில் அவர் பேரில்தான் இருந்தது. அவர் தம்பி, மெர்லினின் புருஷன் ஜெரி, பிக்கப் வாங்கியபோது அவனிடம் சரியான ஆவணம் ஒன்றும் இல்லை, அண்ணன் பேரில் எடுத்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஜெரி நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். நாற்பதாம் நாள் பூசை முடிந்ததுமே மெர்லின் லைசென்ஸ் எடுக்கக் கிளம்பினாள். அன்றிலிருந்து திருவொற்றியூர் ஐஸ் ஃபேக்டரியிலிருந்து கழிமுகக் கரைக்கு ஐஸ் கொண்டு போவது அவள்தான். ஒரு நாள்கூட லோடு தவறியதில்லை. இப்போது திடீரென்று கஸ்பாருக்கு, வேலையில்லாத இரண்டாவது மருமகன் ஞாபகத்துக்கு வந்தான். கூடவே வண்டியும் ஞாபகத்துக்கு வந்தது.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வெள்ளத்துரையின் டயர் கடையில் பேச்சு முற்றியது. நகரத்திலிருந்து ஏதோ ஒரு ஜீப் கிளப், எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய மணலிலும் சேற்றிலும் புதியவர்களுக்காக ஓர் ஓட்டம் நடத்தப் போவதாகவும், கம்பெனியிலிருந்து வந்தபடி எதையும் மாற்றாத வண்டிகளும் வரலாம் என்றும் வெள்ளத்துரை சொல்லிக்கொண்டிருந்தான்.

"ரோட்ல ஓட்றது வேற, மண்ணுல ஓட்றது வேற மெர்லின். அதுக்கு ஆம்பள கை வோணும்," என்றார் கஸ்பார்.

"நீங்க எத்தினி தபா மண்ணுல எறங்கிக்கிறீங்க மாமா?"

அவருக்குச் சுருக்கென்றது. "அந்த ஓட்டத்துல போய்க் காட்டு. ஒரு தபா கயிறு கட்டி இஸ்துட்டாங்கன்னா சாவிய எங்கையில குடுத்துடு. தானா கரை ஏறிட்டா வண்டிய உம்பேருக்கே மாத்திக் குடுத்துட்றேன்."

"வெள்ளத்துரையண்ணே, காதுல வாங்கிக்கினியா?" என்றாள் மெர்லின்.

"வாங்கிக்கினேம்மா," என்றான் வெள்ளத்துரை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷம் ஆகியும் சண்டை என்றால் அவனுக்கு இன்னும் இனிக்கும்.

அடுத்த பத்து நாள் லோடு இறக்கிய கையோடு வண்டி அவன் கடையில்தான் நின்றது. பெரிய டயர் போட்டு வண்டியை அரை அடி தூக்கிவிடலாம் என்றான் அவன். மறுநாள் ஐஸ் பாரை அந்த உயரத்துக்கு ஏற்றுவது யார், உன் மாமனா என்று கேட்டாள் அவள். டயர் பழைய அளவே, மண்ணைக் கவ்வும் பட்டன் மட்டும் புதுசு. சேற்றில் மாட்டும் பக்கவாட்டுப் படியைக் கழற்றினார்கள். என்ஜின் ஆயில் தொட்டி கல்லில் அடிபடாமல் இருக்க அடியில் தடித்த இரும்புத் தகடு போட்டார்கள். முன்னாலும் பின்னாலும் கொக்கி வேண்டும் என்பது கிளப்பின் சட்டம். கொக்கியை பம்பரில் ஒட்ட வைக்கப் போனவனைத் தடுத்து, சேஸில் போல்ட் போட்டு முறுக்க வைத்தாள். பின் அச்சுக்குக் காற்றுப் போகும் துவாரத்தில் தண்ணீர் புகாமல் ஒரு ரப்பர் குழாயை மாட்டி மேலே இழுத்துக் கட்டினாள். ஜாக்கி மணலில் புதையும் என்று அதன் அடியில் வைக்க ஒரு பலகையும் எடுத்துக்கொண்டாள். ஆடத் தெரியாதவள்தான் மேடை கோணல் என்பாள், இவள் மேடைக்குக் கீழேயே படுத்துப் பார்த்துவிட்டாள்.

மிச்சம் ஒன்றுதான். பிக்கப்பில் பின்சக்கரம்தான் தள்ளும். பின்னால் பாரம் இல்லாவிட்டால் அது மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளேதான் போகும். ஐஸ்காரி வேறு எதை ஏற்றுவாள்? எட்டு பார் ஐஸை பின் அச்சுக்கு நேராக அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை பார்த்துவிட்டு ஏழு மணிக்கே ஓட்டம் நடக்கும் இடத்தில் போய் நின்றாள். வந்திருந்த வண்டிகளெல்லாம் கல்யாண மாப்பிள்ளை போல மினுங்கின. அட்டையும் பேனாவுமாக வந்த கிளப் பையன் மஞ்சள் நம்பர் பலகையைப் பார்த்தான்.

"கமர்ஷியல் வண்டியா மேடம்?"

"ஆமா. பொயப்புக்கு ஓட்றது. உங்க நோட்டீஸ்ல வேணாம்னு போட்டுக்கீதா?"

போடவில்லை. ஆகவே சேர்த்துக்கொண்டான், ஆனால் கடைசியில் நிறுத்தினான். இருபத்து மூன்றாவது. அவள் பொறுத்தாள்.

பதினோரு மணிக்குக் கரையிலிருந்து நீலா ஓடி வந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறவள். "யக்கா, இன்னிக்கி ரெண்டு கூடை ரொம்பிக்கீது. எல்லாருக்கும் எறா நல்ல பாடு. ஐஸு வரல. வெயில்ல நாற ஆரம்பிச்சிடும்."

ஐஸ் எப்படி வரும்? கொண்டு வருகிறவள் இங்கே பந்தயத்துக்கு நிற்கிறாளே. மெர்லின் தன் வண்டியைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், தார்ப்பாயை அவிழ்த்தாள்.

"இன்னாம்மா, பாரத்தையெல்லாம் எறக்கிட்ட?" வேடிக்கை பார்க்க வந்திருந்த கஸ்பார் சிரித்தார். "இப்பவே சாவிய குடுத்துடேன், மானமாவது மிஞ்சும்."

"என் மானத்த நீங்க தூக்கிக்கினு அலைய வோணாம் மாமா."

எட்டு பாரும் கரைக்குப் போயின. நீலாவும் இன்னும் நாலு பெண்களும் கோணிச் சாக்குகளோடு திரும்பி வந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஈர மணலை ரொப்பிக் கட்டி, ஐஸ் இருந்த அதே இடத்தில் அடுக்கினார்கள். பையன் வந்து கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். மணலில் புதையாமல் இருக்க, மெர்லின் நாலு டயரிலும் காற்றை இருபதுக்கு இறக்கினாள். அதற்குள் பளபளத்த வண்டிகளில் ஆறு, கயிறு கட்டித்தான் வெளியே வந்திருந்தன.

அவள் முறை வந்தபோது ஒரு மணி. இரண்டாவது கியரில் வண்டியை இறக்கினாள். மணலில் பிரேக்கைத் தொடவே இல்லை. குறுக்கே ஓடிய ஓடையில் நிதானமாக இறங்கி, வண்டிக்கு முன்னால் கிளம்பிய அலையோடு சேர்ந்தே போய் ஏறினாள். சாம்பல் சேற்றில்தான் வினை. பின்சக்கரம் சுழன்றது, வண்டி நின்றது. கயிறு வைத்திருந்தவர்கள் இரண்டடி முன்னால் வந்தார்கள்.

"கிட்ட வராதீங்க," என்றாள்.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தோண்டும் என்று தெரியும், காலை எடுத்தாள். தன் சக்கரத் தடத்திலேயே நாலடி பின்னால் வந்தாள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஒரே சீராக மறுபடி போனாள். வண்டி முனகிக்கொண்டே கரையேறியது. நீலா விரலை மடக்கி வாயில் வைத்து விசில் அடித்தாள்.

மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் போகும் பாதை ஓரமாக நடந்து வந்து சேர்ந்த கஸ்பாருக்கு மூச்சு வாங்கியது. மெர்லின் இறங்கி, பெயர் மாற்றும் படிவத்தை பானெட் மேல் விரித்தாள். கையெழுத்து இடத்தைத் தவிர எல்லாம் நிரப்பியிருந்தது.

"சும்மா வெளாட்டுக்குச் சொன்னதுக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்," என்றார் அவர். "மூட்டையெல்லாம் அடுக்கிக்கினு வந்தா எவன் வேணா ஓட்டுவான்."

வெள்ளத்துரை வாயைத் திறந்தான். மெர்லின் கையமர்த்தினாள். வண்டியிலிருந்து சாவியைப் பிடுங்கிக் கஸ்பாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"சரி மாமா. வண்டி உங்க பேருல கீது, எடுத்துக்கோங்க. ஆனா ரோட்டு வழியா வோணாம். நான் வந்த வழியிலயே ஓட்டிக்கினு போங்க."

அவர் சேற்றைப் பார்த்தார்.

"இருங்க, அவசரப்படாதீங்க," என்றவள், பின்கதவைத் திறந்து முதல் சாக்கின் கட்டை அவிழ்த்தாள். "வண்டிதான் உங்களுது. மண்ணு நான் ரொப்பினது, கொட்டிட்டுத் தர்றேன்."

நீலா இரண்டாவது சாக்கை இழுத்தாள். மற்ற பெண்களும் ஏறினார்கள். மணல் சரிந்து விழ விழ வண்டியின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. கயிறு பிடித்தவர்கள், ஜீப்காரர்கள், அட்டைப் பையன் எல்லோரும் கஸ்பாரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்தாவது சாக்கு காலியானபோது அவர் பேனா கேட்டார்.