துளைத் தகடு ஊதிய சங்கு

இலங்கையின் நமுனுகுலையில் நான் வேலை பார்க்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கு, கொழுந்து வாட்டும் விசிறியின் இரைச்சலைக் குறைக்க ஒரு பெண் ஆராய்ச்சியாளர் வந்தார். நரைத்த குட்டை முடி, ரப்பர் செருப்பு. துளையுள்ள எதையும் ஊதிப் பார்ப்பார். என் பேனா மூடியையும் விடவில்லை.

பொடித் துளைகள் போட்ட தகட்டை விசிறிக்கு முன் பொருத்தினார். “துளையில போற காத்து சத்தத்த முழுங்கிரும். வேகம் கூடினா அதே துளை கத்தும்னு என் கணக்கு சொல்லுதுங்க.”

இரைச்சல் அடங்கியது. பிறகு வேகத்தைக் கூட்டச் சொன்னார். தகடு அலறியது. வேலை முடியும் சங்கென்று நினைத்து, மலையிலிருந்த பெண்களெல்லாம் கொழுந்துக் கூடையோடு நேரத்துக்கு முன்பே இறங்கிவிட்டார்கள்.

அவர்களை மேற்பார்க்கும் கங்காணி தலையில் கைவைத்தார். ஆராய்ச்சியாளரோ துள்ளினார்: “சொன்ன வேகத்துலயே கத்திருச்சு!”

“நாளைக்கும் இதே நேரத்துக்கு ஊதுங்க மிஸ்,” என்றாள் இறங்கி வந்தவர்களில் ஒருத்தி.

அந்த வேகத்துக்குக் கீழே விசிறி இப்போது அமைதியாகச் சுற்றுகிறது. பேனா மூடியை நான்தான் ஊதிக்கொண்டிருக்கிறேன்.