தங்கையைப் பிடித்துக் கொடுத்தவள்

அந்த மூன்று மாடிக் கடையில் எல்லோருக்கும் யூனிஃபார்ம் உண்டு, அவளுக்கு மட்டும் கிடையாது. வாசல் காவலாளிக்குத் தொப்பி, பில் போடும் பெண்களுக்கு நீலச் சட்டை, சாமான் அடுக்குபவர்களுக்குக் காக்கிக் கோட்டு. அவள் வீட்டிலிருந்து போட்டுவந்த சாதாரண உடையோடு, கையில் ஒரு பிளாஸ்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு, சாமான் வாங்க வந்தவள் மாதிரியே சுற்றிக்கொண்டிருப்பாள். கூடைக்குள் ஒரு சோப்பு, ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு பினாயில் பாட்டில். வருஷக்கணக்காக அதே மூன்று சாமான்.

"அந்த பிஸ்கட்டுக்கு இந்நேரம் பேத்தியே பொறந்திருக்கும்" என்று பில் போடும் பெண்கள் சிரிப்பார்கள். முகத்துக்கு நேரே அவளை அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பருந்து. இரண்டுமே அவளுக்குத் தெரியும். இரண்டாவதுதான் பிடிக்கும்.

முதலில் அவள் அங்கே தரை துடைக்கத்தான் வந்தாள். ஒருநாள் பளபளப்பான பூட்ஸ் போட்ட ஒரு பெரிய மனிதர் கைக்குழந்தையோடு நடந்து போனார். போர்வைக்குள் குழந்தை அழவில்லை, அசையவில்லை. அவர் அதைத் தூக்கியிருந்த விதத்தில் பாசமும் இல்லை, கனம்தான் இருந்தது. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு இவள் ஓடிப்போய்ப் போர்வையை விலக்கினாள். உள்ளே ஒரு இஸ்திரிப் பெட்டி, அதற்கு மேலே குல்லா. கடையே விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாளே மேனேஜர் துடைப்பத்துக்குப் பதில் அவள் கையில் கூடையைக் கொடுத்து, திருட்டைப் பிடிக்கச் சொல்லிவிட்டார்.

மூக்கில் வியர்த்தது போல அவளுக்குத் தெரிந்துவிடும். வாங்க வந்தவர்கள் சாமானைப் பார்ப்பார்கள். எடுக்க வந்தவர்கள் தலைக்கு மேலே காமிராவைப் பார்ப்பார்கள். முகம் ஆயிரம் வேஷம் போடும், அதனால் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். கையைத்தான் பார்ப்பாள். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. யாராவது பேச வந்தாலும் அவர்கள் கைமேலேயே கண் இருக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் மெல்ல மெல்ல வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவள் வீட்டுக்காரர் வேன் ஓட்டுபவர், வாய்க்கொழுப்பு கொஞ்சம் உண்டு. "நம்ம வீட்ல சர்க்கரை டப்பாவைத் தொடணும்னாலும் நான் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டிட்டுத்தான் தொடுறேன்" என்பார்.

பிடிபட்டவர்களை அவள் அடித்ததில்லை. அடிப்பதைவிடக் கெட்ட வழக்கம் ஒன்று அவளிடம் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே, உடைந்த தள்ளுவண்டிகள் போட்டுவைத்த சின்ன அறைக்குக் கூட்டிப்போவாள். ஒளித்துவைத்ததை அவர்களையே ஒவ்வொன்றாக வெளியே எடுக்கச் சொல்வாள்.

"என்னது அது? பேரைச் சொல்லு."

முனகினால் விடமாட்டாள். "காது கேக்கல. சத்தமாச் சொல்லு. வெளிய நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

ஒரு வயதானவர் பல்செட்டு ஒட்டும் பசையை எடுத்து மாட்டிக்கொண்டார். மரியாதையான மனிதர், ஏதோ ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். "பல்செட்டுப் பசை" என்று உரக்கச் சொல்லும்போது, வாயிலிருந்த பல்செட்டே கழன்று மடியில் விழுந்தது. இதை அன்றைக்கு வீட்டில் நடித்துக் காட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வேன்காரர் சிரிக்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

எல்லாம் முடிந்ததும் மேனேஜர் போட்டோ எடுப்பார். பில் கவுண்டர்களுக்குப் பக்கத்துச் சுவரில், 'இவர்களைக் கவனிக்கவும்' என்ற எழுத்துக்குக் கீழே அது ஒட்டப்படும்.

பிறகு வாசலில் மெஷின் கேட் வந்தது. ஒவ்வொரு சாமானிலும் டேக் மாட்டினார்கள். பில் போடும் பெண் அதைக் கழற்றினால்தான் வெளியே கொண்டுபோக முடியும், இல்லாவிட்டால் கேட் கூப்பாடு போடும். திருட வந்தவர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். பருந்துக்கு இரை குறைந்தது. ஒரு சாயங்காலம் மேனேஜர் சிரித்துக்கொண்டே, "கேட்டே எல்லாத்தையும் சொல்லிடுதேக்கா. இனி நீங்க எதுக்குன்னு மேல கேக்குறாங்க" என்றார். சிரிப்பு உதட்டில்தான் இருந்தது.

அவளுடைய தங்கையும் அதே கடையில்தான் பில் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். வயதில் ரொம்ப இளையவள். அப்பா செத்தபோது அவளுக்கு நடக்கக்கூடத் தெரியாது. வேலைக்குப் போய் வீட்டைத் தாங்கியது பெரியவள்தான். அப்படித் தாங்கி முடிப்பதற்குள் வயது ஏறிவிட்டதால், கேட்டு வந்த முதல் ஆளான வேன்காரருக்கே கழுத்தை நீட்டினாள். சின்னவளுக்கோ மாடி வீட்டில் இருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சொந்தமாக மின்சாமான் கடை வைத்திருந்தான். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "சின்னவளுக்கு அமைஞ்ச மாதிரி யாருக்கு அமையும்!" பெரியவள் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வாள்.

சம்பந்தம் பேசிய பிறகு மாப்பிள்ளையின் அம்மா அந்தக் கடைக்கு வாடிக்கையானாள். வேறு கவுண்டர் காலியாக இருந்தாலும் போகமாட்டாள். சின்னவள் வரிசையில்தான் வந்து நிற்பாள்.

ஷாம்பூ வரிசையின் மறைவிலிருந்து பெரியவள் அதைப் பார்த்தாள். சாமான்கள் ஒவ்வொன்றாக மெஷின்மேல் போனபோது 'பீப்' 'பீப்' என்று சத்தம் வந்தது. ஒரு சின்ன முகக்கிரீம் டப்பா வந்தது, ரொம்ப விலையானது. மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்து மோவாயை லேசாக ஆட்டினாள். சின்னவள் டப்பாவை உடனே எடுக்கவில்லை. பிறகு டேக்கைக் கழற்றினாள், பீப் சத்தம் வராமலே டப்பா பைக்குள் போய்விட்டது.

"நம்ம பொண்ணு கவுண்டர்னா அந்த வசதியே தனிதான்" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே போனாள்.

அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சின்னவளின் காதைத் திருகியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். பெரியவள் அதைச் செய்யவில்லை. ஒரு தடவை பார்த்தது சாட்சிக்குப் போதாது, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மை அதுவல்ல. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவளுக்கு ஓர் இரை தெரிந்தது. அதன் ருசி நாக்கில் ஏறிவிட்டது.

மத்தியானம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். ஒருநாள் சின்னவள் டப்பாவைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன்."

"அவங்க அம்மா வர்றப்பல்லாம் என் கவுண்டருக்கே வர்றாங்க."

"வந்தா என்ன? வரப்போற மருமகளைப் பாக்க வர்றாங்க."

"அதில்லக்கா. என்னால மாட்டேன்னு சொல்ல முடியல. சொன்னா அங்க போய் நான் எப்படி..."

பெரியவள் தன் டப்பாவை மூடினாள். "நேரமாச்சு. எழுந்திரு, கவுண்டர்ல ஆள் நிக்குது."

சின்னவள் சாப்பிடாத டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை, நிற்க இடமில்லாத கூட்டம். மாப்பிள்ளையின் அம்மா கேட்டைத் தாண்டி வெளியே கால் வைத்ததும் பெரியவள் குறுக்கே வந்து நின்றாள்.

"அம்மா, பில்லைக் கொஞ்சம் காட்டுங்க."

"அட, பெரியவளா! என்ன விளையாட்டு இது?"

"பையையும் காட்டுங்க."

முகக்கிரீம், வாசனைத் தைலம், ஒரு பட்டுப் போர்வை. மூன்றும் பில்லில் இல்லை.

படிக்கட்டு அறைக்குள் மேனேஜர், மாப்பிள்ளையின் அம்மா, சின்னவள் மூவரும் நின்றார்கள். வெளியே நீலச் சட்டைகள் கூடிவிட்டன. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முதலில் முகத்தில் ஈயாடவில்லை. சுதாரித்துக்கொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"நான் எடுத்ததெல்லாம் கவுண்டர் மேலதான் வச்சேன். பில் போடுறது இவ வேலை. போடாம விட்டா எனக்கெப்படித் தெரியும்? எனக்கு ஐஸ் வச்சு வீட்டுக்குள்ள வரப் பாத்திருக்கா. கல்யாணத்துக்கு முன்னாடியே இவ லட்சணம் தெரிஞ்சுதே, அதுவரைக்கும் நல்லது!"

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை.

மேனேஜர் பெரியவளிடம் திரும்பினார். "நீங்கதான பாத்தீங்க? இவங்க சொல்லித்தான் அந்தப் பொண்ணு செஞ்சுதா?"

மோவாய் ஆடியதை அவள் பார்த்திருந்தாள். அன்றைக்கு மூன்று சாமானுக்கும் ஆடியதைப் பார்த்திருந்தாள். ஆனால் வசதியான வாடிக்கைக்காரியைத் திருடி என்று சொன்னால் வழக்கு, வக்கீல் என்று இழுக்கும். மேனேஜர் முகமும் அதைத்தான் சொல்லியது.

"நான் கையை மட்டும்தான் பாத்தேன் சார்" என்றாள்.

அவ்வளவுதான். மேனேஜர் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, அந்த மூன்று சாமானை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, ஆளை விட்டு மீதிப் பையைக் கார் வரை தூக்கிக்கொண்டு போகச் செய்தார். திரும்பி வந்து கதவைச் சாத்தினார். கல்நெஞ்சக்காரர் என்று பெயரெடுத்த மனிதர், குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"கூடப் பொறந்தவங்கறதால கமுக்கமா முடிச்சுடலாம்க்கா. நாளைல இருந்து வராம இருக்கட்டும். போட்டோ எல்லாம் வேண்டாம்."

கதவுக்கு வெளியே நீலச் சட்டைகள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாக முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் சார்" என்றாள். பிறகு தங்கை பக்கம் திரும்பினாள். சாமான்கள் மேஜைமேல் இருந்தன. "என்னது அதெல்லாம்? பேரைச் சொல்லு."

"அக்கா..."

"காது கேக்கல. சத்தமா."

சின்னவள் சொன்னாள். முகக்கிரீம். வாசனைத் தைலம். போர்வை. மூன்றாவதைச் சொல்லும்போது குரல் உடையவில்லை. அழுகையும் வரவில்லை. அன்றைக்கே போட்டோ சுவரில் ஏறியது. நீலச் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மாற்றுத்துணி இல்லாமல், யாரோ கொடுத்த சாமான் மூடும் துணியைப் போர்த்திக்கொண்டு சின்னவள் வீட்டுக்கு நடந்து போனாள்.

சம்பந்தம் முறிந்தது. தெருவில் யார் யாரோ வாய்க்கு வந்தபடி பேசினார்கள். வேறு கடை எதுவும் சின்னவளைச் சேர்க்கவில்லை. கடைசியில் ஒரு சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிக்கும் வேலைதான் கிடைத்தது. பெரியவள் ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். கதவுச் சங்கிலியைக் கழற்றாமல், கையகல இடைவெளியில் அம்மாவின் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"உள்ள சாமான் செட்டெல்லாம் இருக்கு. ஏதாவது காணாமப் போனா உனக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். போயிட்டு வா."

வேன்காரர் சண்டை போடவில்லை. "நீ அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு வெளியூர் சவாரிகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

கடையில் அவள் மதிப்பு ஏறியது. புதிதாகச் சேருகிறவர்களிடமெல்லாம் மேனேஜர், "சொந்தத் தங்கச்சியையே விடாதவங்க" என்று அவளைக் காட்டினார். வேலை போகும் என்ற பேச்சே இல்லை.

ஒரு சனிக்கிழமை சின்னவள் கடைக்குள் வந்தாள். வாங்க வருகிறவர்களைத் தடுக்கக் கடைக்கு வழியில்லை. ஆனால் சுவரில் இருப்பவர்கள் வந்தால் வெளியே போகும்வரை ஒருவர் பின்னாலேயே நடக்க வேண்டும் என்பது விதி. மேனேஜர் மாடியிலிருந்து பருந்துக்குக் கை காட்டினார். அவள் நடந்தாள். தங்கை ஒவ்வொரு வரிசையாக, ஒவ்வொரு மாடியாக, ஆற அமர நடந்தாள். அக்கா பின்னால் நடந்தாள். கடைசியில் ஒரு ஊசிப் பாக்கெட் வாங்கிப் பணம் கொடுத்துவிட்டுச் சின்னவள் போனாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள். ஒரு ரிப்பன், ஒரு மெழுகுவர்த்தி, ஒரு நூல்கண்டு. கூட்டம் நெரியும் நேரமாகப் பார்த்து வருவாள். நீலச் சட்டைகள் பில் போடுவதை நிறுத்திவிட்டு அக்காவும் தங்கையும் போகிற ஊர்வலத்தை வேடிக்கை பார்க்கும்.

ஒருநாள் அவள் சீப்பு வாங்கிக்கொண்டு வெளியேறும்போது கேட் அலறியது. கடை முழுவதும் திரும்பியது. சின்னவள் திடுக்கிடவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் அகல விரித்து நின்றாள். மேனேஜர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவள் பையைக் கொட்டினாள். பிறகு தங்கையின் விலாவையும் இடுப்பையும் தடவிப் பார்த்தாள். எலும்பு கையில் தட்டியது.

"ஐயோ அக்கா, நான்தான் சீப்புல டேக் கழட்ட மறந்துட்டேன்!" என்று கவுண்டரிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

பெரியவள் கையை எடுத்தாள்.

"இன்னும் முடியல" என்றாள் சின்னவள். "செருப்புக்குள்ள பாக்கலியே. நெறைய பேர் அங்கதான் வைப்பாங்கன்னு நீதான சொல்லுவ. பாரு."

"போ. போயிடு."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தானக்கா. பாரு."

சுற்றிலும் கூட்டம். பெரியவள் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். சின்னவள் ஒரு செருப்பைக் கழற்றி, விழாமல் இருக்க அக்காவின் தலைமேல் கையை ஊன்றிக்கொண்டாள். சின்ன வயதில் செருப்பு மாட்டிவிடும்போது ஊன்றிக்கொள்வாளே, அதே மாதிரி. ஆனால் இப்போது அழுத்தி ஊன்றினாள். செருப்புக்குள் ஒன்றும் இல்லை. பாதத்தில் சலவைக்கூடத்து ஈரம் அரித்த வெடிப்பு மட்டும் இருந்தது. இன்னொரு காலையும் காட்டினாள். பிறகு சீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இனி வரமாட்டாள் என்று பெரியவள் நினைத்தாள். அந்த வாரம் முழுவதும் அப்படியே நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

அடுத்த சனிக்கிழமை சின்னவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்கு முட்டிவலி. மாடி ஏறும்போது சின்னவளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பெரியவள் பின்னால் ஏறினாள். அம்மா ஒரு சோப்பை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். ஒரு துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்துவைத்தாள். ஒருமுறைகூடப் பின்னால் திரும்பவில்லை. எதுவும் வாங்கவுமில்லை. வாசலுக்கு வந்ததும், கேட் எந்தச் சத்தமும் போடுவதற்கு முன்பே, அம்மா நின்று, இரண்டு கைகளையும் தானாகவே மேலே தூக்கினாள்.