பெரியப்பாவுக்கு வைத்த பரீட்சை

லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் கடை வைத்திருந்த என் பெரியப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது எனக்கு எட்டு வயது. வலது கை கொஞ்சம் சோர்ந்ததோடு சரி, பேச்சுத் தெளிவாகவே இருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்ற சொந்தக்காரர்கள், கண்டம் தாண்டிவிட்டது என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்துவிட்டார்கள்.

அந்த வார்டில் ஒரு தாதி அடிக்கடி வந்து அதே கேள்விகளைக் கேட்பார். இது என்ன மாதம்? உங்கள் வயது என்ன? பெரியம்மாவுக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது.

“கடை நடத்துற மனிசனிட்டைப் போய் என்ன மாதமெண்டு கேக்கினம், பாருங்கோவன்!”

காலையில் பெரியப்பா ஆங்கிலத்தில் தானே பதில் சொன்னார். மத்தியானம் கேட்டபோது ஏதோ முணுமுணுத்தார். களைத்துப்போனார் என்று நினைத்த பெரியம்மா, “நீங்கள் கதையாதேங்கோ, நான் சொல்லுறன்” என்று அவரை அடக்கிவிட்டு, நவம்பர் என்று தமிழில் சொல்கிறார் எனத் தாதிக்கு மொழிபெயர்த்தார். தெரிந்த பதில்தானே, யார் சொன்னால் என்ன?

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் இதற்குப் பெயர் கொப்பியடித்தல். பெரியப்பா நவம்பர் என்று சொல்லவேயில்லை, அவர் சொன்னது தமிழே இல்லை என்று, வகுப்பில் முறைப்பாடு வைக்கும் அதே குரலில் தாதியிடம் சொன்னேன்.

“இவளுக்கு வாய் கூடிப்போச்சு,” என்றார் பெரியம்மா.

தாதி எல்லோரையும் விலக்கிவிட்டுப் பெரியப்பாவைக் கைகளைத் தூக்கச் சொன்னார். வலது கை அசையவேயில்லை. உடனே டொக்டர் ஓடி வந்தார். பெரியப்பாவைக் கட்டிலோடு ஸ்கானுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். முதல் ஒன்றிரண்டு நாட்களில் நிலைமை இப்படித் திடீரென்று மோசமாகக் கூடுமாம், அதைப் பிடிக்கத்தான் அந்தக் கேள்விகளாம். டொக்டர் சொல்லச் சொல்லப் பெரியம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். என்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்பது மட்டும் எனக்கு விளங்கியது. களவு பிடிபட்டதால் பெரியப்பாவுக்குத் திரும்பவும் பரீட்சை வைக்கப்போகிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

சில நாட்கள் கழித்து என்னை உள்ளே விட்டார்கள். பெரியப்பா விழித்திருந்தார், பேசவில்லை. பாவமாக இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர் காதுக்குள் சொன்னேன்:

“பெரியப்பா, டிசம்பர் பிறந்திட்டுது. இனிக் கேட்டால் டிசம்பர் எண்டு சொல்லுங்கோ.”

அவர் இடது கையால் என் கன்னத்தைத் தடவினார். வாயைத் திறந்தார், மூடினார், பிறகு கண்கலங்கினார். விடை கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.