கிட்ஃபோவில் போட்ட மிளகு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் தொண்ணூறுகளில், நியூசிலாந்தின் ஒடாஹுஹு இறைச்சித் தொழிற்சாலையில் என் கத்திக்கு நிகரான கத்தி இருக்கவில்லை. மாட்டிறைச்சியை வாயில் வைக்காத யாழ்ப்பாணத்தான், மாட்டுத் தொடையை எலும்பிலிருந்து பிரிக்க வெள்ளைக்காரனுக்கே பழக்கிவிட்டேன்.

பக்கத்து மேசையில் நின்றவன் எத்தியோப்பிய அகதி, குராகே இனத்தவன். ஒருநாள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதான். எங்கள் இருவருக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான். அவன் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"பாஸ், பிள்ளை பிறந்து ஒன்பது நாள். மனிசி ஒண்டும் சாப்பிடுறா இல்லை. சுவரைப் பாத்தபடி கிடக்கிறா. பாலும் வத்துது."

"டொக்டர்?"

"மருந்து தந்தவை. துப்புறா. எங்கட ஊரில எண்டால் கிட்ஃபோ குடுப்பம், கொச்சோவோட."

கிட்ஃபோ என்றால் நரம்பும் கொழுப்பும் நீக்கி, கத்தியால் பொடியாகக் கொத்திய பச்சை மாட்டிறைச்சி. அதில் ஏலமும் வெந்தயமும் போட்டு உருக்கிய வெண்ணெயையும் மிளகாய்த்தூளையும் சேர்ப்பார்கள். கொச்சோ என்பது வாழை மாதிரியான ஒரு மரத்தின் தண்டையும் கிழங்கையும் சுரண்டி, குழியில் மாதக்கணக்காகப் புளிக்க வைத்துச் சுடும் ரொட்டி.

"வாழை என்ர வளவிலயே நிக்குது. ரெண்டையும் நான் செய்து தாறன்," என்றேன்.

"அது வேற மரம், பாஸ்."

"நீ பேசாமல் இரு."

சனிக்கிழமை நல்ல தொடையிறைச்சி வாங்கி, அவன் ஃபிளாட்டுக்குப் போனேன். வாழைத்தண்டை மூன்று நாள் வாளியில் ஊறப்போட்டிருந்தேன். நாற்றம் தாங்காமல் என் மனைவி கொட்டிவிட்டாள். இறைச்சியில் பாதியை நரம்பில்லாமல் கொத்தினேன். அவன் வாயைப் பிளந்து பார்த்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை இறைச்சியா? எங்கள் ஊரில் பத்தியம் என்றால் மிளகும் உள்ளியும் மஞ்சளும் அரைத்த சரக்குக்கறி. அவன் குழந்தையைத் தூக்கப் போன நேரம், வெண்ணெயைப் புகைய விட்டு, மிளகும் உள்ளியும் போட்டு, இறைச்சியைக் கருகும்வரை வதக்கிவிட்டேன்.

அவன் கிண்ணத்தை மனைவியின் கட்டிலருகே வைத்தான். அவள் மணத்தைப் பிடித்தாள். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். குழந்தை வெறும் முலையைச் சப்பிச் சப்பிக் கத்தியது. அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கிண்ணத்தை எடுத்து அடுப்படியில் வைத்தான்.

"மிச்சம் இருக்குதோ?" என்று கேட்டான்.

மிச்சப் பாதியைக் கொத்தினேன். வெண்ணெயை அவனே விரல் பொறுக்கும் சூட்டில் ஊற்றி, பச்சையாகவே பிசைந்தான். அதை அவள் மூக்கருகே பிடித்தான். பிறகு ஒரு கை நீண்டது. ஒரு வாய். இன்னொரு வாய். மென்றபடி ஏதோ கோபமாகக் கேட்டாள். அவன் நிலத்தில் குந்தி அழுதான்.

"என்னவாம்?"

"கொச்சோ எங்க எண்டு கேக்கிறா, பாஸ்."

"எனக்குச் செய்யத் தெரியாது எண்டு சொல்லு," என்றேன்.