மலையடியில் எடுத்த படம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டேன். எங்கள் வீட்டில் நான் பொய் சொல்லாதவள் என்று ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் வந்த நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்தவள். பிழை இருந்தால் பெருமாள் பொறுக்கட்டும்.

என் தாய்மாமா திருப்பதியில், மலைப்படி ஆரம்பிக்கிற இடத்தில், முக்காலியில் பெட்டிக் கேமராவை நிறுத்தி யாத்திரைக்காரர்களைப் படம் எடுப்பார். பொது இடத்தில் கூலிக்குப் படம் எடுக்க பர்மிட் வேண்டும், வருஷா வருஷம் பீஸ் கட்ட வேண்டும். மாமாவிடம் இருந்தது மதராஸ் ராஜ்யத்துக் காகிதம். ஆந்திரா தனியாகப் பிரிந்ததும் அது செல்லாது என்றார்கள். புதுசுக்கு எழுதிப் போட்டால், "உன் ஊரு திருத்தணி பக்கம். அது எந்த ராஜ்யம்னே இன்னும் முடிவாகல. எல்லை தீரட்டும், வா" என்று குமாஸ்தா திருப்பி அனுப்பினார்.

எல்லை தீரும் வரைக்கும் வயிறு சும்மா இருக்குமா? மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். சொந்தக் குடும்பத்தைப் படம் எடுக்க பர்மிட் வேண்டாம். அம்மை இறங்கியதற்கு மொட்டை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட லீவில் அவரோடு இருந்த என்னை, வருகிற ஒவ்வொரு குடும்பத்திலும் ஓரமாக நிற்க வைத்தார். யாராவது கேட்டால் எல்லாரும் சொந்தக்காரர்கள். "மொட்டையைத் துடைச்சிக்கினு நில்லு, கேமராவுக்கே கண்ணு கூசுது" என்பார்.

ஒருநாள் காளஹஸ்திப் பக்கத்திலிருந்து ஒரு தெலுங்குத் தம்பதி வந்தார்கள். அந்த அம்மாளின் கூடையில் மஞ்சள் பூசிய மரத்தொட்டில் ஒன்று, உள்ளங்கை அளவு. பொம்மை என்று நினைத்துக் கை நீட்டினேன். "அது சாமிக்கு, தல்லி" என்று கொஞ்சலாகச் சொல்லிக் கூடையை மூடிவிட்டு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தாள். படத்துக்கு நிற்கும்போது என்னை ஓரத்தில் விடாமல் நடுவில் இழுத்துக்கொண்டாள். மாமா படம் எடுத்து முடித்துக் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தால், எதிரே பர்மிட் பார்க்கிற இன்ஸ்பெக்டர்.

"இவங்களும் சொந்தக்காரங்களா? உன் வம்சம் ரொம்பப் பெரிசய்யா."

"பெருமாள் புண்ணியம் சார். பெருகிக்கினே போவுது."

அவர் சிரித்துவிட்டார். போகிற போக்கில் அந்த அம்மாளிடம், பாப்பா யார் என்று தெலுங்கில் கேட்டார். சொந்தம் என்று சொன்னால் போதும், மாமா அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். அவளோ என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நா கூத்துரண்டி" என்றாள். என் மகள் என்று.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா உயிரோடு இருக்க, இவள் யார்? அதுவும் பெருமாள் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில்.

"இல்ல. எங்கம்மா புத்தூர்ல கீது. இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்றேன், உரக்க.

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இப்ப நான் இன்னாய்யா பண்றது" என்று இன்ஸ்பெக்டர் மாமாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, கேமராவை முக்காலியோடு ஜட்காவில் ஏற்றினார். படம் பிடித்த தகடும் உள்ளேயே போயிற்று. அந்த அம்மாள் என் தோளிலிருந்து கையை எடுத்தாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு படியேறினாள். புருஷன் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அம்மா ஊரெல்லாம் என் பெருமையைச் சொன்னாள். மாமா திட்டவில்லை. கேமரா திரும்பி வருகிற வரைக்கும் ரயிலடியில் மூட்டை தூக்கினார். வந்ததும் முதல் வேலையாக அந்தத் தகட்டைக் கழுவினார். வெளிச்சம் ஏறி முழுக்கக் கறுத்திருந்தது. எல்லை தீர்ந்து திருத்தணி மதராஸ் பக்கம் போனபிறகு அங்கேயே போய்ப் பிழைத்துக்கொண்டார்.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, மாமியார் என் கையில் மஞ்சள் பூசிய ஒரு சின்ன மரத்தொட்டிலைக் கொடுத்து, மலைக்குப் போய்க் கட்டிவிட்டு வா என்றார். அன்றைக்கு அந்தக் கூடையில் பார்த்த அதே மாதிரித் தொட்டில். அன்றைக்கு நடந்ததை அவருக்கும் சொல்லவில்லை.

பெருமாள் எனக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தார். அவளுக்குக் கொடுத்தாரா, தெரியாது.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், உள்ளது உள்ளபடி. அவள் பொய் சொன்னாள் என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.